விண்வெளிப் பயிற்சி முகாமுக்கு முன் ஆர்பிட்டர் சிமுலேட்டரில் பழகுவோருக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள அமெரிக்க விண்வெளி ராக்கெட் மையம் 1982 முதல் ‘ஸ்பேஸ் கேம்ப்’ என்ற பயிற்சி முகாமை நடத்திவருகிறது. அங்கே மாணவர்கள் கற்பவை எல்லாம் பயணப் பாவனைப் பயிற்சியில் வந்து சேர்கின்றன. குழுவில் சிலர் விண்கலத்தின் மாதிரிக்குள் அமர்கிறார்கள். சிலர் தரைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்கிறார்கள். புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை ஒரு முழுப் பயணத்தைத் தாங்களே நடத்துகிறார்கள். இடையிடையே பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே கோளாறுகளைப் புகுத்துவார்கள். அவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் பயிற்சியின் பகுதியே.

முகாமின் கருவிகள் முகாமில்தான் இருக்கும். வீட்டிலிருந்தே பழகிக்கொள்ள விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது ஆர்பிட்டர் என்ற இலவச விண்பயண சிமுலேட்டரை. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தொடர்ந்து வளர்த்த இந்த மென்பொருளின் மூல நிரல் 2021-இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் திறந்துவிடப்பட்டது. முகாமின் பொத்தான்களும் திரைகளும் இதிலிருந்து வேறுபடும். ஆனால் சுற்றுப்பாதையின் இயல்பு இரண்டிலும் ஒன்றே. பிழை தேடும் முறையும் ஒன்றே. கீழே சொல்லப்படும் விசைகளும் திரைகளும் 2016 பதிப்பைச் சார்ந்தவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கன்ட்ரோல் விசையுடன் ‘பி’ (P) எழுத்தை அழுத்திப் பயணத்தை நிறுத்திவைத்து, கலம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, திரையில் தெரியும் எண் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்ற இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மென்பொருளின் பிழை என்று தோன்றுபவற்றில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் பார்க்காமல் பதற்றத்தில் அடுத்தடுத்த விசைகளை அழுத்துவதால் வருபவை. மாற்றுவதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

அறிகுறி: தொடக்கப் பலகை திறக்கிறது, பயணத்தைத் தொடங்கியதும் எல்லாம் மூடிக்கொள்கிறது

மென்பொருள் எந்தக் கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆர்பிட்டர் தன் அமைப்புகள், பயணத்தின் இடைநிலை, பதிவுக் குறிப்பு ஆகியவற்றைத் தன் கோப்புறைக்குள்ளேயே எழுதுகிறது. விண்டோஸின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் அப்படி எழுத அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே அதற்கு வெளியே தனிக் கோப்புறை உருவாக்கி, ஜிப் கோப்பின் உட்கோப்புறை அமைப்பு கலையாமல் அங்கே பிரித்து வைக்க வேண்டும்.

அதன் பிறகும் மூடிக்கொண்டால், அதே கோப்புறையிலுள்ள ஆர்பிட்டர் லாக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தப் பகுதியை ஏற்றும்போது நின்றது என்பது பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும். கூடுதலாகச் சேர்த்த ஆட்-ஆன் ஒன்றின் பெயர் அங்கே தென்பட்டால், தொடக்கப் பலகையின் மாட்யூல்ஸ் பகுதியில் அதை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். பழைய பதிப்புக்காக எழுதப்பட்ட ஆட்-ஆன்களே இங்கு வழக்கமான குற்றவாளிகள். புதிதாகப் பழகுவோர் ஒரு முழுப் பயணத்தை முடிக்கும்வரை ஆட்-ஆன் எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: காட்சி வரவில்லை; எழுத்துகள் மட்டும் ஓடும் சாளரம் திறக்கிறது

2016 பதிப்பில் இயங்கு கோப்புகள் இரண்டு உண்டு. ஒன்றில் வரைகலை உள்ளேயே இருக்கிறது, ‘என்.ஜி.’ என்று முடியும் மற்றொன்று, வெளியிலிருந்து இணைக்கப்படும் வரைகலைப் பகுதியை நம்பியிருக்கிறது. மாட்யூல்ஸ் பட்டியலில் அந்தப் பகுதியைத் தேர்வுசெய்யாமல் இரண்டாவது கோப்பைத் திறந்தால் எழுத்துச் சாளரம் மட்டுமே வரும். தேர்வுசெய்துவிட்டுத் திறந்தால் தீரும்.

அறிகுறி: கணினியை அணைத்துத் திறந்த பிறகும் அதே கோளாறு தொடர்கிறது

வெளியேறும்போது ஆர்பிட்டர் அந்த நேரத்து நிலையைத் தானாகச் சேமித்து, பயணப் பட்டியலில் தற்போதைய நிலை என்ற பெயரில் வைக்கிறது. அடுத்த முறை அதையே திறந்தால், எரிபொருள் தீர்ந்து சுழன்றுகொண்டிருந்த கலம் அப்படியே சுழன்றுகொண்டுதான் இருக்கும். பட்டியலிலிருந்து மூலப் பயணத்தைத் திறந்து சோதித்த பிறகே மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: விசைகளை அழுத்தினாலும் கலம் அசையவில்லை

ஆர்பிட்டரின் பெரும்பாலான கட்டுப்பாடுகள் விசைப்பலகையின் வலப்புறமுள்ள நம்பர் பேடைச் சார்ந்தவை. பல லேப்டாப்களில் அது இல்லை. தனியாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. நம்பர் பேடு ஒன்றை வாங்கி இணைப்பதே எளிய வழி. இயலாவிட்டால், ஆர்பிட்டர் கோப்புறையிலுள்ள கீமேப் கோப்பில் விசைகளை மாற்றி எழுதலாம்.

நம்பர் பேடு இருந்தும் அசையவில்லை என்றால், நிலைமாற்றும் சிறு உந்துபொறிகளான ஆர்.சி.எஸ். எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். நம்பர் பேடிலுள்ள வகுத்தல் குறி விசை அவற்றைத் திருப்பும் நிலைக்கும் நகர்த்தும் நிலைக்கும் இடையே மாற்றுகிறது. அதே விசையைக் கன்ட்ரோலுடன் அழுத்தினால் அவை முற்றிலும் அணைந்துவிடும். கலத்தின் மூக்கைத் திருப்ப முயலும்போது கலம் பக்கவாட்டில் மெல்ல நகர்கிறது என்றால் நகர்த்தும் நிலையில் இருக்கிறது என்று பொருள். இவை சரியாக இருந்தால் எரிபொருள் அளவையும், எஃப்-3 விசையைக் கொண்டு நீங்கள் இயக்குவது எந்தக் கலத்தை என்பதையும் பாருங்கள். விண்வெளி நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தன் கலம் அசையவில்லை என்று தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

முதன்மைப் பொறி விசையை அழுத்தியிருக்கும்வரை மட்டும் எரிந்து, விட்டதும் அணைகிறது என்றால் அது பிழையன்று. கூட்டல் விசை தனியாக அழுத்தப்பட்டால் அப்படித்தான் நடக்கும். கன்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தினால் விசையை எடுத்த பிறகும் பொறி அதே அளவில் எரியும். பெருக்கல் விசை அதை அணைக்கும்.

அறிகுறி: விசையை விட்ட பிறகும் கலம் சுழன்றுகொண்டே இருக்கிறது

வளிமண்டலத்துக்கு வெளியே சுழற்சியைத் தடுக்க எதுவும் இல்லை. எதிர்த்திசையில் உந்தாமல் சுழற்சி நிற்காது. நம்பர் பேடின் 5 என்ற விசை அந்த எதிர் உந்துதலைத் தானாகச் செய்து சுழற்சியை நிறுத்தும். நிறுத்த முயலும்போது கலம் முன்னும் பின்னும் நடுங்கினால், நேர வேகத்தைப் பாருங்கள். ‘டி’ (T) எழுத்து நேரத்தைப் பத்து மடங்கு விரைவாக்கும். ‘ஆர்’ எழுத்து குறைக்கும். நேரம் நூறு மடங்கில் ஓடும்போது தானியங்கிக் கட்டுப்பாடு நுட்பமாகச் செயல்பட இயலாது. ஒரு மடங்குக்குக் கொண்டுவந்து மீண்டும் 5-ஐ அழுத்துங்கள்.

நிறுத்திய பிறகும் சுழற்சி திரும்பத் திரும்ப வந்தால், அதை உண்டாக்குவது எது என்று தேட வேண்டும்: மேசையில் சாய்ந்து கிடக்கும் ஜாய்ஸ்டிக், அழுந்தி ஒட்டிக்கொண்ட விசை, அணைக்காத தானியங்கி நிலை. 1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8 கலத்தில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் இதே கேள்வியை உயிரைப் பணயம் வைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அஜீனா என்ற ஆளில்லாக் கலத்துடன் இணைந்திருந்தபோது அவர்களுடைய கலம் சுழலத் தொடங்கியது. அஜீனாவே காரணம் என்று எண்ணி அதிலிருந்து பிரிந்தார்கள்; பிரிந்ததும் சுழற்சி இன்னும் விரைந்து, நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற அளவை எட்டியது. கோளாறு தங்கள் கலத்தின் உந்துபொறி ஒன்றில்தான் என்பதை அது காட்டிக்கொடுத்தது. ஆர்ம்ஸ்ட்ராங் அந்தத் தொகுதியை முழுவதும் அணைத்து, வளிமண்டல மீள்நுழைவுக்காக வைத்திருந்த தனித் தொகுதியைக் கொண்டு கலத்தை நிறுத்தினார். சந்தேகிக்கும் பகுதியைத் தனியே பிரித்த பின் அறிகுறி கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதே இதில் கற்க வேண்டிய முறை.

அறிகுறி: திரையிலுள்ள எண்கள் நம்பும்படியாக இல்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். பயணம் கைகூடாமல் போவதற்கு ஆர்பிட் எம்.எஃப்.டி. என்ற சுற்றுப்பாதைத் திரையைத் தவறாகப் படிப்பதைப் போல வேறெதுவும் காரணமாவதில்லை.

கென்னடி விண்வெளி மையத்தில் ஓடுபாதையில் அசையாமல் நிற்கும் கலத்துக்கு அந்தத் திரை நொடிக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தைக் காட்டும். அது சரியான எண்ணே. அந்தத் திரை வேகத்தை அளப்பது பூமியின் மையத்தை வைத்து. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அந்த அகலாங்கில் நிலமும் அதன்மேல் நிற்கும் கலமும் அந்த வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றன. தரையைச் சார்ந்த வேகம் வேண்டுமென்றால் சர்ஃபேஸ் எம்.எஃப்.டி.யைப் பார்க்க வேண்டும்.

அடுத்த குழப்பம் உயரம். 200 கிலோமீட்டர் உயரத்தை எட்டியவர் திரையில் 6,571 என்று கண்டு திகைப்பார். அது பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு. பூமியின் ஆரமான 6,371 கிலோமீட்டரைக் கழித்தால் உயரம் கிடைக்கும். ‘டி.எஸ்.டி.’ என்ற பொத்தான் தொலைவையும் உயரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும். சுற்றுப்பாதையின் மிகத் தாழ்ந்த இடமான அண்மைப்புள்ளி 6,371-க்குக் கீழே இருக்கும்வரை, இப்போது எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கலம் தரையில் மோதத்தான் போகிறது.

மூன்றாவது, சாய்வு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்தது என்று எல்லா நூல்களும் சொல்ல, திரை வேறோர் எண்ணைக் காட்டும். திரை தொடக்கத்தில் அளப்பது பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து; அந்தத் தளத்துக்கும் பூமத்திய ரேகைக்கும் இடையே 23.4 பாகை வேறுபாடு உண்டு. ‘எஃப்.ஆர்.எம்.’ பொத்தானை அழுத்திப் பூமத்திய ரேகைத் தளத்துக்கு மாற்றினால் எண் பொருந்திவிடும்.

அறிகுறி: மேலே சென்ற கலம் சுற்றுப்பாதையில் நிற்காமல் கீழே விழுகிறது

உயரம் போதாமல் அன்று, கிடைமட்ட வேகம் போதாமல்தான் இது நடக்கிறது. 200 கிலோமீட்டர் உயரத்தில் நிலைக்க நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. நேராக மேலே செல்லச் செலவிட்ட எரிபொருள் இந்த வேகத்துக்கு உதவாது. அடர்ந்த காற்றைக் கடந்ததும் மூக்கைப் படிப்படியாகத் தாழ்த்தி, பெரும்பகுதி உந்துதலைக் கிடைமட்டமாகத் தர வேண்டும். சுற்றுப்பாதையின் மிக உயர்ந்த இடமான சேய்மைப்புள்ளி விரும்பிய உயரத்தை எட்டியதும் பொறியை அணைத்து, அந்த இடத்தை அடையும்போது செல்லும் திசையிலேயே மீண்டும் எரித்தால் அண்மைப்புள்ளி உயரும்.

அறிகுறி: சுற்றுப்பாதை கிடைத்தது; ஆனால் விண்வெளி நிலையத்தின் பாதையோடு பொருந்தவில்லை

கென்னடி மையம் 28.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கிருந்து நேர் கிழக்கே புறப்பட்டால் சாய்வு 28.5 பாகையாக அமையும், நிலையத்தின் 51.6 பாகையை அடைய இன்னும் 23 பாகை திருப்ப வேண்டும். சுற்றுப்பாதை வேகத்தில் அப்படித் திருப்ப நொடிக்கு ஏறத்தாழ 3.1 கிலோமீட்டர் வேக மாற்றம் தேவைப்படும். அவ்வளவு எரிபொருள் மிஞ்சியிருக்காது. திருப்பத்தைத் தரையிலேயே செய்துகொள்ள வேண்டும், அதாவது வடகிழக்காக ஏறத்தாழ 45 பாகைத் திசையில் புறப்பட வேண்டும்.

திசை சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் நேரம் தவறியிருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நிலையத்தின் பாதைத் தளம் ஏவுதளத்தைக் கடக்கும் வேளையை ஒட்டியே புறப்பட வேண்டும். விண்வெளி ஓடங்கள் நிலையத்துக்குச் சென்ற நாள்களில் அவற்றுக்குக் கிடைத்த புறப்பாட்டு இடைவெளி ஏறத்தாழ 10 நிமிடங்கள்தான். எஞ்சும் ஓரிரு பாகை வேறுபாட்டை, இரு பாதைத் தளங்களும் வெட்டிக்கொள்ளும் கணுவில் எரித்துத் தீர்க்கலாம். ஒரு பாகைக்கு நொடிக்கு 134 மீட்டர் அளவில் வேக மாற்றம் தேவைப்படும். எரிக்கும்போது வேறுபாடு குறையாமல் கூடினால் மூக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. நிலையத்தின் தளத்தை மேல்நோக்கிக் கடக்கும் ஏறு கணுவா, கீழ்நோக்கிக் கடக்கும் இறங்கு கணுவா என்று மீண்டும் பாருங்கள்.

அறிகுறி: நிலையத்தை நோக்கி உந்தினால் அது மேலும் விலகிப் போகிறது

சிமுலேட்டர் பழுதாகிவிட்டது என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நெருங்க, அதை நோக்கியே உந்தினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் ஜெமினி 6ஏ கலத்தை ஜெமினி 7-க்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள்; சுற்றுப்பாதைக் கணக்கைப் பின்பற்றியதால் அது கைகூடியது.

முன்னால் செல்வதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கிறது, ஆகவே பின்தங்குகிறோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 92 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது; 300 கிலோமீட்டரில் ஏறத்தாழ 2 நிமிடங்கள் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் இந்த 2 நிமிடங்களில் 900 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடலாம். சிங்க் ஆர்பிட் எம்.எஃப்.டி. திரையில், குறித்த புள்ளிக்கு இரு கலங்களும் வந்துசேரும் நேரங்கள் சுற்றுவாரியாக அருகருகே வரும். ஏதேனும் ஒரு சுற்றில் இரண்டும் ஒன்றாகும்வரை மட்டும் எரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிலையத்தை நோக்கி நேராக உந்தும் முறை சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகே பயன்படும்.

அறிகுறி: நிலையத்துக்கு அருகில் வந்தும் இணைய முடியவில்லை

டாக்கிங் திரை வெறுமையாக இருந்தால், இணைப்புத் துறையின் அலைவரிசை உங்கள் ரேடியோவில் வைக்கப்படவில்லை. கன்ட்ரோலுடன் ‘ஐ’ எழுத்தை அழுத்தினால் திறக்கும் தகவல் பலகையில் நிலையத்தின் அலைவரிசைகளைக் காணலாம். ஆர்பிட்டரிலுள்ள டெல்டா கிளைடர் கலத்தில் ‘கே’ எழுத்தை அழுத்தி மூக்குக் கூம்பைத் திறந்திருக்கவும் வேண்டும்.

குறிகள் கைக்கு அடங்காமல் ஓடினால் வரிசை தவறியிருக்கிறது. முதலில் திருப்பும் நிலையில் கலத்தின் திசையையும் உருளலையும் சரிசெய்து, 5-ஐ அழுத்திச் சுழற்சியை நிறுத்திய பிறகே நகர்த்தும் நிலைக்கு மாறிப் பக்கவாட்டு விலகலைக் குறைக்க வேண்டும். திசை கோணலாக இருக்கும்போது நகர்த்தினால், இடப்புறம் என்று நினைத்து உந்துவது முன்னோக்கியும் தள்ளும். கன்ட்ரோலுடன் விசையை அழுத்தினால் உந்துதல் பத்தில் ஒரு பங்காகும். இணைப்பின்போது எப்போதும் அப்படியே இயக்குங்கள். விண்வெளி ஓடம் நிலையத்தைத் தொட்ட வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: முகாமின் பயிற்சியில் பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் எரிகின்றன

இங்கே மென்பொருள் உங்களுடையதன்று. ஆனால் முறை அதுவே. ஒவ்வொரு விளக்கையும் தனித்தனிக் கோளாறாக எடுத்துக்கொள்ளாமல், இவை அனைத்தும் பொதுவாக எதைச் சார்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். 1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 புறப்பட்ட முதல் நிமிடத்துக்குள் இருமுறை மின்னல் தாக்கியது. எரிபொருள் மின்கலங்கள் துண்டிக்கப்பட்டன, எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக எரிந்தன, தரைக்கு வந்த எண்கள் பொருளற்றுப் போயின. தரைக் கட்டுப்பாட்டு அறையில் மின் அமைப்புகளைக் கவனித்த ஜான் ஆரன், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் ஒரு சோதனையில் இதே வகைச் சிதறலைக் கண்டிருந்தார். அளவுக் குறிகளைச் செப்பம் செய்யும் ஒரு சாதனத்தை மாற்று மின்வழிக்குத் திருப்பச் சொன்னார், கலத்திலிருந்த ஆலன் பீன் அந்த சுவிட்சைத் திருப்பியதும் எண்கள் மீண்டன, பயணம் தொடர்ந்தது.

கண்டதை அறிவிக்கும்போது முதலில் அறிகுறியையும் பிறகு உங்கள் ஊகத்தையும் சொல்லுங்கள். ‘ஆக்ஸிஜன் கசிகிறது’ என்பது ஊகம். ‘இரண்டாம் தொட்டியின் அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது’ என்பது அறிகுறி. தரையில் இருப்பவருக்கு இரண்டாவதே உதவும். செயல்முறைப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்பதை இழந்துவிட்டால், ஊகித்துத் தாவாமல், கடைசியாக முடித்த வரியின் எண்ணைச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். ஹெட்செட்டில் ஒலி இல்லை என்றால் இணைப்பு, ஒலியளவு, தேர்ந்தெடுத்த பேச்சு வழி என்ற வரிசையில் பாருங்கள். உங்கள் பேச்சுக்குப் பதில் வராதபோது குரலை உயர்த்துவதால் பயனில்லை.

அறிகுறி: பல அச்சுகளில் சுழற்றும் நாற்காலியில் ஏற அச்சமாக இருக்கிறது

ஸ்பேஸ் கேம்பின் மல்ட்டி ஆக்சிஸ் டிரெய்னர், கட்டுப்பாடின்றிச் சுழலும் கலத்தின் அனுபவத்தைத் தருவது. பார்ப்பதற்குக் குமட்டல் தருவதாகத் தோன்றினாலும், அமர்ந்திருப்பவரின் வயிறு சுழற்சியின் மையத்திலேயே இருக்கும்படியும், ஒரே திசையில் தொடர்ந்து இருமுறைக்கு மேல் சுழலாதபடியும் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உட்காதின் திரவம் ஒரே திசையில் ஓடத் தொடங்குவதற்குள் திசை மாறிவிடுகிறது. தலையைப் பின்சாய்வில் அழுத்திவைத்திருங்கள். அசௌகரியம் தோன்றினால், தாங்கிக்கொள்ள முயலாமல் உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், அவர் நிறுத்திவிடுவார். காதுக் கோளாறோ கழுத்து வலியோ உள்ளவர்கள் ஏறுவதற்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும்.